பக்கத்து வயலில் பார்த்துக் கற்பது: செயல்விளக்கத் திடல் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஒரு புதிய சாகுபடி முறையைப் பற்றிக் கேள்விப்படுவதற்கும் அதைத் தம் நிலத்தில் செய்து பார்ப்பதற்கும் இடையில் ஒரு விவசாயிக்குச் சில ஆண்டுகள் கழிந்துவிடுவது வழக்கம். இந்தத் தாமதத்தைப் பார்த்துவிட்டு, விவசாயிகள் பழைய பழக்கத்தை விட மனமில்லாதவர்கள் என்று வயலோடு தொடர்பில்லாத பலர் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமான பேச்சன்று. விதைத்த பின் அறுவடை வரை காத்திருந்தால்தான் ஒரு முறை பலன் தந்ததா என்று தெரியும். பலன் தராவிட்டால் அந்தப் பருவத்தின் உழைப்பும் போட்ட முதலும் சேர்ந்தே போகும். மறுபடி முயல இன்னொரு பருவம் வரவேண்டும். தம் மண்ணைப் போன்ற மண்ணில், தம் அளவு வசதியே உள்ள வேறொருவர் அதைச் செய்து, அது எப்படி வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்று ஒருவர் காத்திருந்தால், அவர் தம் முதலைக் காப்பாற்றத் தெரிந்தவர் என்றே கொள்ளவேண்டும்.

இப்படிப் பார்த்துக் கற்பது உழவு தோன்றிய காலம் முதல் நடந்துவருகிறது. வரப்பில் நடந்துபோகிறவர் பக்கத்து வயலில் பயிரின் நிறம் வேறாக இருப்பதைக் கவனிக்கிறார், நின்று விசாரிக்கிறார், விதையோ யோசனையோ கைமாறுகிறது. தானாக நடக்கும் இந்தக் கற்றலைக் கொஞ்சம் திட்டமிட்டு, பலரும் வந்து பார்க்கும்படியும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும்படியும் ஒழுங்குபடுத்தியதே வயல்வெளிச் செயல்விளக்கம்.

செயல்விளக்கத் திடல் என்பது எது?

ஒரு விவசாயி தம் சொந்த நிலத்தின் ஒரு பகுதியில், தமக்குக் கிடைக்கும் ஆட்களையும் கருவிகளையும் கொண்டே ஒரு புதிய முறையைப் பின்பற்றுகிறார். அதை ஒட்டிய இன்னொரு பகுதியில் வழக்கமான முறையைத் தொடர்கிறார். இரண்டையும் மற்ற விவசாயிகள் பருவம் முழுவதும் வந்து பார்க்கிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது செயல்விளக்கத் திடல். ஒன்று குறைந்தாலும் அது வேறொன்றாகிவிடும்.

ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள ஆய்வுத் திடலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே நீரும் உரமும் ஆட்களும் குறித்த நேரத்தில் வந்துசேரும்; ஒரு முறை உண்மையிலேயே பலன் தருகிறதா என்பதை மற்ற காரணங்களின் தலையீடு இல்லாமல் கண்டறிவதே அதன் வேலை. மாதிரிப் பண்ணையும் வேறு. அங்கே எல்லாம் செழிப்பாக இருக்கும். ஆனால் அந்தச் செழிப்பு எதனால் வந்தது, அதற்கு எவ்வளவு செலவானது என்று பார்க்க வந்தவரால் பிரித்தறிய முடியாது. செயல்விளக்கத் திடல் எடுத்துக்கொள்ளும் கேள்வி இவற்றிலிருந்து விலகியது. ஆராய்ச்சியில் ஏற்கெனவே ஓரளவு உறுதிப்பட்ட ஒரு முறை, இந்த மண்ணில், இந்த நீர்வசதியில், ஒரு சாதாரண விவசாயியின் கைக்கு அடங்குமா என்பதே அந்தக் கேள்வி.

இதிலும் இரண்டு வகை உண்டு. விதை நேர்த்தி செய்வது, ஒட்டுக்கட்டுவது, களைக்கருவியை வரிசைகளுக்கு நடுவே ஓட்டுவது போன்றவற்றை ஒரு காலைப்பொழுதில் செய்துகாட்டிவிடலாம். அது செய்முறை விளக்கம். ஒரு முறையைப் பின்பற்றினால் கடைசியில் என்ன கிடைக்கிறது என்பதைக் காட்ட ஒரு பருவமாவது ஆகும். அது விளைவு விளக்கம். செய்முறையை மட்டும் பார்த்தவருக்கு அதைச் செய்யத் தெரியும், ஆனால் அதனால் பலன் உண்டா என்ற உறுதி இராது. விளைவை மட்டும் பார்த்தவருக்கு ஆசை வரும், ஆனால் கை பழகியிருக்காது. இரண்டும் ஒரே நிலத்தில் ஒரே விவசாயியின் மூலம் நடந்தால் நல்லது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நெல் வயலில் எப்போதும் நீர் நின்றுகொண்டே இருக்கவேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிவரும் காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற முறையில், கட்டிய நீர் மண்ணின் மேற்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கிய பிறகே மறுபடி நீர் பாய்ச்சுகிறார்கள். நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அறிய, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள, பக்கங்களில் துளையிட்ட ஒரு குழாயை வயலில் ஊன்றி, அதற்குள் இருக்கும் மண்ணை எடுத்துவிடுகிறார்கள். பூக்கும் பருவத்தையொட்டி மட்டும் வயலில் நீர் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சரியாகச் செய்தால் மகசூல் குறையாமல் 30 விழுக்காடு வரை பாசன நீரைச் சேமிக்கலாம்.

படிப்பதற்கு இது நான்கைந்து வரிச் செய்தி. ஆனால் தம் வயலின் மேல்மண் காய்ந்து மெல்லிய வெடிப்பு விடத் தொடங்குவதைப் பார்க்கும் விவசாயிக்கு, அந்த வரிகள் நினைவில் இருந்தாலும் மனம் பொறுக்காது. உடனே மடையைத் திறந்துவிடுவார். அவரே வேறொருவரின் வயலுக்குப் போய், மேலே காய்ந்திருக்கும் மண்ணுக்கு நடுவில் குழாய்க்குள் எட்டிப்பார்த்து, கீழே நீர் நிற்பதைக் கண்டு, ஒரு தூரைப் பிடுங்கி வேர் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, மூன்று வாரம் கழித்து மறுபடி வந்து இரு பகுதிகளிலும் தூர்களை எண்ணிப் பார்த்தாரானால் நிலைமை மாறிவிடும். இந்த முறையைப் பற்றிய தகவல் அவருக்கு முன்பே தெரியும். எந்த அச்சம் அவரைத் தடுத்ததோ, அந்த அச்சத்துக்கான விடையைத்தான் திடல் தந்தது. நீர் நிற்காத நாட்களில் களை கூடுதலாக முளைக்கும் என்பதையும் அவர் அங்கேதான் அறிந்துகொள்வார். அதை எப்படிச் சமாளித்தார் என்று நிலத்துக்காரரிடமே கேட்டுக்கொள்ளவும் முடியும்.

டெக்சாஸில் தொடங்கிய ஒரு வழி

புதிய முறைகளை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும், இன்று உலகெங்கும் உள்ள வேளாண் விரிவாக்கப் பணிகளுக்கு வழிகாட்டிய ஒரு முயற்சி, 1903-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெரல் என்ற ஊரில் நடந்தது. அமெரிக்க வேளாண் துறைக்காகப் பணியாற்றிய சீமன் நாப், அதற்கு முன் அரசுச் செலவில் நடத்தப்பட்ட செயல்விளக்கப் பண்ணைகளின் குறையை உணர்ந்திருந்தார். விவசாயிகள் வந்து பார்ப்பார்கள். பிறகு, அரசிடம் பணமும் ஆட்களும் இருப்பதால் இது முடிகிறது, நம்மால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே டெரலில் அவர் வேறு வழியை எடுத்தார். வால்டர் போர்ட்டர் என்ற விவசாயி, பரிந்துரைக்கப்பட்ட முறையில் தம் சொந்த நிலத்தில், தம் சொந்தச் செலவில் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடுவது; அதனால் நட்டம் ஏற்பட்டால் ஈடுசெய்ய, ஊரின் வணிகர்களும் மற்றவர்களும் ஒரு நிதியை ஒதுக்கிவைப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்த நிதியை எடுக்கவேண்டிய தேவையே வரவில்லை. வழக்கமான முறையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட 700 டாலர் கூடுதலாகக் கிடைத்தது என்று பருவ முடிவில் போர்ட்டர் தெரிவித்தார். அதே காலத்தில் பருத்திக் காய்களைத் துளைத்து அழிக்கும் கூன்வண்டு டெக்சாஸ் முழுவதும் பரவிக்கொண்டிருந்ததால், இந்த வழி மிக விரைவாக மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. 1914-இல் நிறைவேறிய ஸ்மித்-லீவர் சட்டம், பல்கலைக்கழகங்களையும் விவசாயிகளையும் இணைக்கும் விரிவாக்கப் பணியை நாடளாவிய அமைப்பாக்கியது.

இந்த ஏற்பாட்டில் நான் மிக முக்கியமாகக் கருதுவது அந்த உத்தரவாத நிதியை. போர்ட்டருக்கு விதையும் உரமும் இலவசமாகக் கொடுக்கப்படவில்லை. நட்டத்துக்கான பாதுகாப்பு மட்டுமே கொடுக்கப்பட்டது. பின்னாளில் வந்த பல திட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. இடுபொருள் அனைத்தையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, பயிர் தவறினால் விவசாயியைத் தனியே விட்டுவிடுகின்றன. இலவச இடுபொருளால் வளர்ந்த பயிரைப் பார்க்க வருகிறவர், தம் கைக்காசைப் போட்டால் இது கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு விடை இல்லாமலே திரும்புகிறார்.

அருகில் இருப்பவரின் சொல் ஏன் எடுபடுகிறது?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்பதைப் பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். அவர்கள் சந்தித்த 259 விவசாயிகளில், 1941-க்குள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் அந்த விதைக்கு மாறியிருந்தார்கள். ஆனால் அதற்குப் பத்தாண்டுக்கும் மேல் ஆயிற்று. விதையைப் பற்றிய செய்தியைப் பலருக்கு முதலில் சொன்னவர்கள் விதை விற்பனையாளர்கள். அதை விதைக்கலாம் என்று முடிவெடுக்க வைத்தவர்களோ, குறிப்பாகப் பின்னால் மாறியவர்களைப் பொறுத்தவரை, பக்கத்து நிலத்துக்காரர்கள். அதுமட்டுமன்று, பக்கத்து நிலத்தில் பார்த்த பிறகும் பெரும்பாலோர் முதல் ஆண்டில் நிலத்தின் ஒரு சிறு பகுதியில்தான் புதிய விதையைப் போட்டார்கள். அதாவது, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சிறு செயல்விளக்கத் திடலைத் தாமே அமைத்துக்கொண்டார்கள்.

அருகில் இருப்பவர் எப்போதும் நம்பப்படுகிறார் என்று இதிலிருந்து முடிவுசெய்துவிடக் கூடாது. கானாவில் ஏற்றுமதிக்காக அன்னாசி பயிரிடத் தொடங்கிய விவசாயிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் உரத்தின் அளவை எப்படி முடிவுசெய்தார்கள் என்பதைக் கவனித்தது. தாம் விவரம் கேட்டுக்கொள்ளும் ஒருவருக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல வருமானம் கிடைத்தபோது, அவர் இட்ட அளவை நோக்கி இவர்களும் தம் அளவை மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பயிருக்குப் புதியவர்களே இப்படி அதிகம் மாற்றினார்கள். நீண்ட அனுபவம் உள்ளவர்கள் அவ்வளவாக அசையவில்லை. மனிதரைப் பார்த்து மட்டும் அவர்கள் நம்பவில்லை. விளைவைப் பார்த்து, அதுவும் தமக்குப் போதிய அனுபவம் இல்லாத இடத்தில், பிறரின் அனுபவத்தைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

மலாவியில் நடந்து 2019-இல் வெளியான இன்னொரு ஆய்வு, செயல்விளக்கத்தை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கு நேரடியாகப் பயன்படுகிறது. குழிகளில் விதைப்பது போன்ற முறைகளைப் பரப்பும் பொறுப்பு சில கிராமங்களில் விரிவாக்கப் பணியாளரிடமும், சிலவற்றில் ஒரு முன்னோடி விவசாயியிடமும், சிலவற்றில் ஊரின் சராசரி விவசாயிகள் சிலரிடமும் தரப்பட்டது. நிலத்தின் அளவிலும் வசதியிலும் மற்றவர்களை ஒத்திருந்த சராசரி விவசாயிகளே, அவர்களின் முயற்சிக்குச் சிறிய ஊக்கத்தொகை ஒன்று கிடைத்தபோது, அதிகம் பேரை மாற்றினார்கள். நிறைய நிலமும் சொந்த நீரும் உள்ள ஒருவரின் வயலில் ஒன்று நன்றாக வருவதைப் பார்க்கும் சிறு விவசாயி, அவரால் முடியும் என்று மட்டுமே எடுத்துக்கொள்கிறார். ஊக்கத்தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் நின்று விளக்குவதும், ஒப்பீட்டுக்காக ஒரு பகுதியைத் தனியே பராமரிப்பதும் வேலை. அந்த வேலையை ஒருவர் ஊருக்காகச் செய்யும்போது, அதற்கு மதிப்பாக ஏதோ ஒன்று கிடைப்பதுதான் முறை.

எல்லாப் பயிருக்கும் இது ஒரே அளவில் பொருந்துவதும் இல்லை. இந்தியாவின் பசுமைப் புரட்சிக் காலத்துத் தரவுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, புதிய கோதுமை ரகங்களைப் பயிரிட்டவர்கள் அண்டை நிலங்களின் அனுபவத்தைப் பெரிதும் பின்பற்றினார்கள் என்றும், நெல் பயிரிட்டவர்கள் அந்த அளவுக்குப் பின்பற்றவில்லை என்றும் காட்டியது. நெல் விளையும் நிலங்கள் மண்ணிலும் நீரிலும் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபட்டவை. அக்காலத்து நெல் ரகங்கள் அந்த வேறுபாடுகளால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவை. பக்கத்து வயலில் வந்த விளைச்சல் தம் வயலிலும் வரும் என்று அவர்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இது செயல்விளக்கம் நடத்துவோர் மறக்கக் கூடாத செய்தி: நிலங்கள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அவ்வளவு திடல்கள் வேண்டும்.

ஒப்பீடு நேர்மையாக இருந்தால்தான்

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919-இல் பணியில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர், வயல் சோதனைகளில் ஒரே முறையைப் பல பாத்திகளில் திரும்பச் செய்யவேண்டும் என்பதையும், எந்தப் பாத்திக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் முடிவுசெய்யவேண்டும் என்பதையும் நிலைநாட்டினார். காரணம் எளிது. ஒரே வயலுக்குள்ளேயே மண் மாறிக்கொண்டிருக்கிறது. நல்ல மண் உள்ள மூலையில் புதிய முறையை வைத்துவிட்டால், மண்ணின் பெருமை முறையின் கணக்கில் போய்ச்சேரும்.

ஒரு விவசாயியின் நிலத்தில் ஃபிஷர் சொன்ன எல்லாவற்றையும் செய்வது கடினம். ஆனால் அதன் உட்பொருளைக் காப்பாற்றலாம். இரண்டு பகுதிகளும் ஒரே மண்ணில், ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். மரநிழல், கால்வாய்க் கசிவு, முன்பு எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். காட்ட வேண்டிய மாற்றத்தைத் தவிர மற்றவை எல்லாம், அதாவது ரகம், விதைத்த நாள், களையெடுப்பு ஆகியவை, இரு பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். புதிய ரகம், புதிய இடைவெளி, புதிய உரம் என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துவிட்டால் பயிர் செழித்திருக்கும். எதனால் செழித்தது என்று யாருக்கும் தெரியாது. வரப்போரப் பயிருக்கு வெளிச்சமும் இடமும் கூடுதலாகக் கிடைப்பதால் அது எப்போதும் நன்றாகத் தெரியும். ஆகவே மகசூலை அளக்கும்போது ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி, இரு பகுதிகளிலும் சம அளவுள்ள சதுரங்களைக் கயிறு கட்டிக் குறித்து அறுக்கவேண்டும். வழக்கமான முறை என்று விடப்பட்ட பகுதியை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது வந்தவர்களை ஏமாற்றுவதாகும். அதைப் பார்க்கும் விவசாயிகளுக்கு அது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். அதன் பிறகு அந்தத் திடலில் சொல்லப்படும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

பல திடல்கள் வேண்டும் என்ற தேவையை நிறைவேற்ற ஓர் அழகான வழி, 1990-களின் பிற்பகுதியில் மலாவியில் உருவாக்கப்பட்டது. ஊரின் நடுவில் ஒரு தாய்த் திடலில் எல்லா முறைகளையும் முழுமையாக வைக்கிறார்கள். அதைப் பார்க்கும் விவசாயிகள், தமக்குப் பொருந்தும் என்று தோன்றும் இரண்டு மூன்று முறைகளைத் தேர்ந்து, தம் நிலத்தில் சேய்த் திடல்களாக வைத்துக்கொள்கிறார்கள். எது எந்த மண்ணில் எடுபடுகிறது என்ற விவரம் பல நிலங்களிலிருந்து ஒன்றாகச் சேர்கிறது. எந்த முறையை விவசாயிகள் யாருமே தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் ஆராய்ச்சியாளருக்கு ஒரு முக்கியமான பாடம்.

மகசூலோடு கணக்கு முடிவதில்லை. எத்தனை ஆட்கள், எத்தனை நாட்கள், எந்த வாரத்தில் தேவைப்பட்டார்கள் என்பதும் எழுதப்படவேண்டும். ஒரு முறை விளைச்சலைக் கூட்டி, அதே சமயம் ஊரே நடவில் இருக்கும் வாரத்தில் கூடுதல் ஆட்களைக் கேட்டால், பலருக்கு அது பயன்படாது. கூடுதல் வேலை வீட்டுப் பெண்களின் தலையில் விழுகிறதா என்பதையும் கேட்கவேண்டும். கூலி கொடுக்காத உழைப்பு என்பதால் அது பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதே இல்லை.

வயல்விழா

திடலைப் பலரும் சேர்ந்து பார்க்கும் நாள் வயல்விழா. இதை அறுவடைக்குச் சற்று முன் ஒரே ஒரு முறை நடத்துவதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். பயிர் நடுப்பருவத்தில் இருக்கும்போதும் ஒரு முறை கூடினால்தான், வித்தியாசம் எந்தக் கட்டத்தில் உருவாகிறது என்பது தெரியும். மேடையும் நீண்ட வரவேற்புரையும் வெயில் ஏறும்வரை நீளும் விழாவில், விவசாயிகள் வயலுக்குள் இறங்குவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. சிறு சிறு குழுக்களாக வயலுக்குள் போய், நிலத்துக்காரர் தம் சொந்த வார்த்தைகளில் என்ன செய்தார், எங்கே சிக்கல் வந்தது என்று சொல்வதைக் கேட்டு, பயிரைத் தொட்டுப் பார்த்து, எதிர்க்கேள்வி கேட்பதற்குத்தான் பெரும்பகுதி நேரம் போகவேண்டும். அதிகாரியோ அறிவியலாளரோ கேட்டால் மட்டும் பேசுவது நல்லது.

எந்த அரசு ஏற்பாடும் இல்லாமல் ஒரு விவசாயியே இதை நடத்தியதற்குப் புர்க்கினா ஃபாசோவின் யாகூபா சவடோகோ சிறந்த எடுத்துக்காட்டு. இறுகிப்போன தரிசு நிலத்தில் சிறு குழிகள் வெட்டி, எருவிட்டு, மழைநீரைத் தேக்கிப் பயிரிடும் பழைய முறையை அவர் குழியின் அளவைப் பெரிதாக்கி மேம்படுத்தினார். 1984 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை தம் நிலத்தில் சந்தை நாள் ஒன்றை நடத்தினார். பல ஊர்களிலிருந்து வந்த விவசாயிகள் விதைகளைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள், குழிகளைப் பார்த்தார்கள், தாங்கள் செய்து பார்த்ததையும் சொன்னார்கள். காலப்போக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

பருவம் முழுவதும் கூடும் பள்ளி

சில விஷயங்கள் ஒரு நாள் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை அல்ல. பூச்சி மேலாண்மை அவற்றில் ஒன்று. இந்தோனேசியாவில் 1970-களிலும் 1980-களிலும் புகையான் பூச்சி நெல்லைப் பெருமளவில் அழித்தது. மருந்து தெளிக்கத் தெளிக்க அது கூடியதற்குக் காரணம், அதைத் தின்னும் சிலந்திகளும் நன்மை செய்யும் பூச்சிகளும் மருந்தால் முதலில் இறந்ததே. 1986-இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடைவிதித்தது. 1989-இல், ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் துணையோடு, யோக்யகர்த்தா பகுதியில் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின.

ஏறத்தாழ 25 விவசாயிகள் வாரம் ஒரு காலை, பருவம் முழுவதும், ஒரு வயலில் கூடுவார்கள். குழுக்களாகப் பிரிந்து பயிரையும் பூச்சிகளையும் எண்ணுவார்கள். பெரிய தாளில் நடுவே நெற்பயிரையும், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகளையும், மறுபக்கம் அவற்றைத் தின்பவற்றையும் வரைவார்கள். இந்த வாரம் மருந்து தேவையா என்று வாதிட்டு முடிவெடுப்பார்கள். வலைக்கூண்டுக்குள் ஒரு நெற்செடியையும் புகையானையும் சிலந்தியையும் விட்டு, யார் யாரைத் தின்கிறார்கள் என்று தாங்களே பார்ப்பார்கள். பூச்சி தின்றதுபோல இளம் பயிரின் இலைகளைக் கையால் வெட்டிவிட்டு, அது எவ்வளவு தூரம் தேறி வருகிறது என்று கவனிப்பார்கள். சிலந்தியை ஒரு பூச்சியாக மட்டும் பார்த்தவர், அதைத் தம் வயலின் காவலாகப் பார்க்கத் தொடங்குவது இந்தக் கூண்டின் முன்தான். இந்த முறை பிறகு 90-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது.

ஆனாலும் ஓர் உண்மையைச் சொல்லியாகவேண்டும். இந்தோனேசியப் பள்ளிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு, அங்கே படித்தவர்களிடமிருந்து அவர்களின் அண்டை விவசாயிகளுக்கு அந்த அறிவு குறிப்பிடத்தக்க அளவில் பரவவில்லை என்று கண்டது. எனக்கு இது வியப்பாக இல்லை. புதிய விதையைக் கைப்பிடி அளவு கொடுத்துவிடலாம். பூச்சிகளை எண்ணி, எடைபோட்டு, தெளிக்காமல் இருக்கத் துணியும் தீர்ப்பை அப்படிக் கொடுக்க முடியாது; அதைப் பெற விரும்புகிறவரும் ஒரு பருவம் வயலில் கூடியிருக்கவேண்டும்.

விவசாயியே ஆசிரியராகும்போது

1970-களில் குவாத்தமாலாவின் சிமால்தெனாங்கோ பகுதியில், காக்சிகெல் மாயா இனத்தைச் சேர்ந்த மலைச்சரிவு விவசாயிகள் மண் அரிப்பைத் தடுக்கும் முறைகளைக் கற்று, தாங்களே அடுத்த ஊர்களுக்குப் போய்க் கற்பித்தார்கள். சரிவில் சமமட்டக் கோட்டைக் குறிக்க, மூன்று கழிகளும் ஒரு கயிறும் ஒரு கல்லும் கொண்ட எளிய சட்டமே அவர்களின் கருவி. அந்த இயக்கம் மெக்சிகோவுக்கும், 1987 முதல் நிகரகுவாவுக்கும், 1997 முதல் கியூபாவுக்கும் சென்றது. ஒரே நேரத்தில் பல முறைகளைத் திணிக்காமல் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்வது, முதலில் சிறிய பரப்பில் செய்து பார்ப்பது, பலனைக் கண்ட பிறகே பிறருக்குச் சொல்வது என்பவை அவர்கள் கடைப்பிடித்த நெறிகள்.

1998-இல் மிட்ச் சூறாவளி மத்திய அமெரிக்காவைத் தாக்கியபின், இந்த விவசாயிகள் தங்கள் வேலையைத் தாங்களே சோதித்தார்கள். ஹோண்டுராஸ், நிகரகுவா, குவாத்தமாலா ஆகிய நாடுகளில் 902 இணை நிலங்களை அளந்தார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று மண் பாதுகாப்பு செய்த நிலம், மற்றது அருகில் வழக்கமான முறையில் பயிரிட்ட நிலம். பாதுகாப்பு செய்த நிலங்களில் மேல்மண் அதிகம் எஞ்சியிருந்தது, ஈரமும் அதிகமாக இருந்தது, அரிப்பு குறைவாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைப் பெற்றுவிட்ட விவசாயிகளால் எவ்வளவு பெரிய கேள்வியையும் எடுத்துக்கொள்ள முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து குறைவு.

செயல்விளக்கத்தால் காட்ட முடியாதவையும் உண்டு. மண்ணின் வளம் மெல்ல ஏறுவதை ஒரு பருவத்தில் காட்ட முடியாது. அதற்குப் பல ஆண்டுகள் நிற்கும் திடல் வேண்டும். எலிக் கட்டுப்பாடு, கால்வாய் நீரைப் பங்கிடுவது போன்று எல்லோரும் சேர்ந்து செய்தால் மட்டுமே பலன் தருபவற்றை ஒரு நிலத்தில் தனியே செய்து காட்டுவதில் பொருளில்லை. மழை நன்றாகப் பெய்த ஓர் ஆண்டின் திடல், வறட்சி ஆண்டைப் பற்றி எதுவும் சொல்லாது. குத்தகைக்குப் பயிரிடுகிறவருக்கு, அடுத்த ஆண்டு அந்த நிலம் தம்மிடம் இருக்குமா என்ற கேள்வி எந்த முறையையும்விடப் பெரியது.

திடலைப் பார்க்கப் போகிறவர் நிலத்துக்காரரிடம் சில கேள்விகளைத் தவறாமல் கேட்கலாம். எது சரியாக வரவில்லை? எந்தச் செலவை நீங்கள் ஏற்றீர்கள், எதை வேறு யாராவது கொடுத்தார்கள்? எந்த வாரத்தில் ஆள் கிடைக்காமல் சிரமப்பட்டீர்கள்? அடுத்த பருவத்தில் உங்கள் சொந்தக் காசில் எவ்வளவு பரப்பில் இதைச் செய்யப்போகிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு அன்றே கிடைக்கும் விடையைவிட, அடுத்த பருவத்தில், திட்டமும் பெயர்ப்பலகையும் போன பிறகு, அதே நிலத்துக்கு இன்னொரு முறை போய்ப் பார்ப்பது மேலானது. அங்கே முறை அப்படியே தொடர்கிறதா, கைவிடப்பட்டதா, அல்லது குழாயின் இடமும் இடைவெளியின் அளவும் அந்த விவசாயியின் வசதிக்கேற்ப மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். மாற்றப்பட்டிருந்தால், அந்த மாற்றத்துக்கான காரணத்தை அவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதிலிருந்து அடுத்த திடலைத் திட்டமிடத் தொடங்கலாம்.